‘கொஞ்சம் எழுந்து நடந்தால் சரியாகிவிடும்’: நாள்பட்ட சோர்வு நோயும் சர்ச்சைக்குரிய சிகிச்சைகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த நோய் உள்ளவர்களும், அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களும், இப்போதுதான் இதைப் பற்றிக் கேள்விப்படுபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சில சிகிச்சைகளைப் பற்றிக் கடுமையாகவே எழுதியிருக்கிறேன். நடமாடிக்கொண்டிருந்தவர்கள் சிகிச்சை என்ற பெயரில் படுக்கையில் விழுந்திருக்கிறார்கள் என்பதே காரணம்.

முதலில், இது என்ன நோய்?

தமிழில் நாள்பட்ட சோர்வு நோய்க்குறி என்கிறோம். அமெரிக்காவில் சி.எஃப்.எஸ். (க்ரானிக் ஃபட்டீக் சிண்ட்ரோம்), பிரிட்டனில் எம்.இ. (மயால்ஜிக் என்செஃபலோமையலைடிஸ்) என்று வழங்கிவந்த பெயர்களை இப்போது சேர்த்தே எழுதுகிறார்கள். இங்கே சுருக்கமாக எம்.இ. என்கிறேன்.

பெரும்பாலும் ஒரு வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு தொடங்கும். காய்ச்சல் போய்விடும், உடம்பு மட்டும் பழைய நிலைக்குத் திரும்பாது. எவ்வளவு ஓய்வெடுத்தாலும் தீராத சோர்வு, எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் தூங்காததுபோல் இருப்பது, மூளை மந்தம், எழுந்து நின்றால் படபடப்பும் தலைசுற்றலும், தசைவலி. இவற்றில் பல வேறு நோய்களிலும் உண்டு. எம்.இ.யைத் தனித்துக் காட்டுவது உழைப்புக்குப் பின் வரும் சரிவு. குளித்தது, அரை மணி நேரம் போனில் பேசியது, ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்தது என்று சிறிதாக ஏதாவது செய்திருப்பார்கள். அன்று ஒன்றும் தெரியாது. மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ எல்லா அறிகுறிகளும் ஒன்றாகக் கூடி ஆளைக் கிடத்திவிடும். அது நாள்கணக்கிலும் நீடிக்கும், வாரக்கணக்கிலும் நீடிக்கும், சிலருக்கு முன்பிருந்த நிலை திரும்பவே திரும்பாது. இந்த உடம்பில் இல்லாத சக்தியைச் செலவு செய்வது கந்துவட்டிக்குக் கடன் வாங்குவது மாதிரி. வாங்கியது பத்து ரூபாயாக இருக்கும், கட்டுவது நூறாக இருக்கும்.

கீழே வரும் சர்ச்சைகள் எல்லாவற்றுக்கும் இந்தச் சரிவுதான் அச்சாணி. இதைப் புரிந்துகொண்டவர்களுக்கு மீதி எளிதாகப் புரியும்.

எத்தனை பேருக்கு இருக்கிறது?

அமெரிக்காவின் மருத்துவக் கழகம் 2015-ல் வெளியிட்ட அறிக்கை, அந்நாட்டில் 8,36,000 முதல் 25 லட்சம் பேர் வரை இருக்கலாம் என்றது. அவர்களில் பெரும்பாலோருக்கு நோய் இன்னதென்று கண்டறியப்படவே இல்லை என்றும், கால்வாசிப் பேராவது ஏதோ ஒரு கட்டத்தில் வீட்டோடு அல்லது படுக்கையோடு முடங்குகிறார்கள் என்றும் அதே அறிக்கை சொன்னது. கோவிட்டுக்குப் பிறகு நீண்டகால உபாதையில் இருப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு இருப்பதும் இதே நோய்தான்.

இது மனநோய் இல்லையா?

இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1969-லேயே இதை நரம்பு மண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது.

மனநோய் என்ற எண்ணம் எப்படி வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. 1955-ல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஒரு மர்ம நோய் பரவியது. 292 ஊழியர்கள் பாதிக்கப்பட்டார்கள், மருத்துவமனையையே சில மாதங்கள் மூட வேண்டியதாயிற்று. எம்.இ. என்ற பெயர் பிறந்தது அதையொட்டித்தான். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1970-ல், இரண்டு மனநல மருத்துவர்கள் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை எழுதினார்கள்: அது கூட்டு ஹிஸ்டீரியாவாக இருக்கலாம் என்று. பாதிக்கப்பட்டவர்களில் பெண்கள் அதிகம் என்பது அவர்கள் காட்டிய காரணங்களில் ஒன்று. பாதிக்கப்பட்ட ஒருவரையும் அவர்கள் பரிசோதித்துப் பார்க்கவில்லை. பழைய மருத்துவக் குறிப்புகளைப் படித்து எழுதினார்கள். அந்த ஒரு கட்டுரையின் நிழல் அரை நூற்றாண்டு நீண்டது.

2025 ஆகஸ்டில் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் டீகோட்எம்இ ஆய்வு 15,579 நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்து, எட்டு இடங்களில் நோயோடு தொடர்புள்ள வேறுபாடுகளைக் கண்டதாக அறிவித்தது. அவற்றில் சில நோயெதிர்ப்பு மண்டலத்தோடும் சில நரம்பு மண்டலத்தோடும் தொடர்புடையவை. நோய் எப்படி உண்டாகிறது என்ற கேள்விக்கு இது முழுப் பதில் இல்லைதான். ஆனாலும், ‘எல்லாம் மனசுதான்’ என்று இன்னமும் சொல்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

சரி, குணப்படுத்தும் சிகிச்சை இருக்கிறதா?

நோயைக் குணப்படுத்துவதாக நிரூபிக்கப்பட்ட மருந்தோ பயிற்சியோ இன்று எந்த நாட்டிலும் இல்லை. தூக்கம், வலி, நின்றால் வரும் படபடப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனியாக வைத்தியம் செய்யலாம், அதில் ஓரளவு நிம்மதியும் கிடைக்கும். இந்த வெற்றிடத்தில்தான் சர்ச்சைக்குரிய சிகிச்சைகள் நுழைகின்றன.

அப்படி எவையெல்லாம் சர்ச்சைக்குரியவை?

இரண்டு வகையாகப் பார்க்கிறேன். ஒன்று, அரசும் பெரிய மருத்துவமனைகளும் பரிந்துரைத்தவை. இன்னொன்று, தனியார் கடை விரித்து விற்பவை. இரண்டாவது வகையை நாம் சுலபமாகச் சந்தேகப்படுவோம். முதல் வகையைச் சந்தேகப்பட மனம் வராது. அதனால்தான் அதிகச் சேதம் அந்த வகையில் நடந்திருக்கிறது.

படிமுறை உடற்பயிற்சி என்றால் என்ன? உடற்பயிற்சியில் என்ன கெடுதல் வரும்?

முதல் நாள் ஐந்து நிமிட நடை, அடுத்த வாரம் ஆறு, அதற்கடுத்த வாரம் ஏழு என்று திட்டம் போட்டுக் கூட்டிக்கொண்டே போவது. உடம்பு என்ன சொன்னாலும் அட்டவணைதான் முக்கியம். இதற்குப் பின்னால் ஒரு கோட்பாடு இருந்தது: நோயாளிக்கு இப்போது நோய் எதுவும் இல்லை, நோய் இருப்பதாக நம்பிப் பயந்து படுத்தே கிடந்ததால் உடம்பு பலவீனமாகிவிட்டது, பயத்தைப் போக்கி நடக்கவைத்தால் போதும்.

கோட்பாடு சரியாக இருந்திருந்தால் சிகிச்சையும் சரியாக இருந்திருக்கும். ஆனால் எம்.இ. நோயாளியின் உடம்பு உழைப்புக்குப் பின் சரிகிறது என்பதுதானே நோயே! ஆம்ஸ்டர்டாமில் கோவிட்டுக்குப் பின் இதே சரிவு உள்ள 25 பேரைச் சைக்கிள் மிதிக்கவைத்து, முன்னும் பின்னும் தசைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். உழைப்புக்குப் பின் தசைத் திசு சேதமடைந்திருந்தது. 2024-ல் வெளியான இந்த முடிவு, நோயாளிகள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவந்ததைத்தான் நுண்ணோக்கியில் காட்டியது.

படிமுறை உடற்பயிற்சிக்குப் போனவர்களிடம் நோயாளிச் சங்கங்கள் எடுத்த கருத்துக்கணிப்புகளில், நிலைமை மோசமானது என்று சொன்னவர்களே மீண்டும் மீண்டும் பாதிக்கு மேல் இருந்தார்கள். கருத்துக்கணிப்பு என்பது ஆய்வுக்கு ஈடாகாது. மோசமானவர்கள்தான் அதிகம் பதில் எழுதுவார்கள் என்று வாதிடலாம். ஆனால் ஒரு மாத்திரையைப் பற்றி இத்தனை பேர் இப்படிச் சொல்லியிருந்தால் அதைக் கடையிலிருந்து எடுத்திருப்பார்கள்.

பிறகு எதை நம்பி மருத்துவர்கள் பரிந்துரைத்தார்கள்?

பெருமளவுக்கு ‘பேஸ்’ என்ற பிரிட்டிஷ் ஆய்வை நம்பி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

641 நோயாளிகள், சுமார் 50 லட்சம் பவுண்டு செலவு. நிதி கொடுத்தவர்களில், உடல்நலமில்லாதவர்களுக்கு உதவித்தொகை வழங்கும் வேலை, ஓய்வூதியத் துறையும் ஒன்று. நோயாளிகளை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான மருத்துவ ஆலோசனை மட்டும். மற்ற மூன்றுக்கும் அதோடு படிமுறை உடற்பயிற்சி, அல்லது சிபிடி எனப்படும் சிந்தனை மாற்றப் பயிற்சி, அல்லது சக்திக்குள் அடங்கி வாழும் முறை. 2011-ல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது: உடற்பயிற்சியிலும் சிபிடியிலும் சுமார் 60 சதவீதம் பேர் முன்னேறினார்கள் என்று. 2013-ல் இன்னொரு கட்டுரை, அந்த இரண்டிலும் 22 சதவீதம் பேர் குணமடைந்தார்கள் என்றது. பத்திரிகைகள் எப்படி எழுதியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

நோயாளிகள் அந்தக் கட்டுரைகளை வரி வரியாகப் படித்தார்கள். படுக்கையிலிருந்தபடி, மூளை மந்தத்தோடு, நாளுக்குச் சில நிமிடங்கள் என்று படித்தார்கள். அவர்கள் கண்டுபிடித்தவற்றில் என்னை மிகவும் அதிரவைத்தது இது. உடல் செயல்திறனை 0 முதல் 100 வரை மதிப்பெண் தரும் ஒரு படிவத்தால் அளந்தார்கள். 65 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் ஆய்வில் சேர முடியும். அந்த அளவுக்கு நோயாளியாக இருக்க வேண்டும். குணமடைந்தவர் என்று சொல்ல 85 எடுக்க வேண்டும் என்று ஆய்வு தொடங்கும் முன் எழுதிவைத்திருந்தார்கள். பிறகு அதை 60 ஆகக் குறைத்தார்கள். அதாவது ஒருவர் 65-ல் நோயாளியாக உள்ளே வந்து, இன்னும் மோசமாகி 60-க்கு இறங்கினாலும், அந்த அளவுகோலின்படி தேறியவர். சேர்ந்த முதல் நாளிலேயே சுமார் 13 சதவீதம் பேர் உடல்திறன், சோர்வு என்ற இரண்டில் ஒன்றிலாவது இந்தப் புதிய எல்லையைத் தொட்டிருந்தார்கள்.

சேர்த்துக்கொண்ட முறையிலும் கோளாறு இருந்தது. அவர்கள் பயன்படுத்திய பழைய ஆக்ஸ்ஃபோர்டு வரையறைக்கு ஆறு மாதச் சோர்வு இருந்தால் போதும். உழைப்புக்குப் பின் வரும் சரிவு இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, முக்கிய அளவுகள் எல்லாம் நோயாளி தானே நிரப்பும் படிவங்கள். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பது எல்லோருக்கும் தெரியும். ‘உன் அறிகுறிகளைப் பெரிதாக நினைக்காதே’ என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்துவிட்டு, ‘அறிகுறிகள் எப்படி?’ என்று படிவம் கொடுத்தால் மதிப்பெண் கொஞ்சம் கூடத்தான் செய்யும். நேரடியாக அளந்த ஆறு நிமிட நடையில், உடற்பயிற்சிக் குழு 312 மீட்டரிலிருந்து 379-க்கு வந்தது. ஆலோசனை மட்டும் பெற்ற குழு 348-க்கு வந்தது. தொடக்க வேறுபாடுகளைச் சரிக்கட்டிப் பார்த்தால், பயிற்சியின் கூடுதல் பலன் ஓராண்டு முடிவில் சுமார் 35 மீட்டர். நல்ல உடல்நிலையில் இருக்கும் நடுவயதுக்காரர் ஆறு நிமிடத்தில் சுமார் 600 மீட்டர் நடப்பார்.

இதெல்லாம் எப்படி வெளியே வந்தது?

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஒரு நோயாளி 2014-ல் தகவல் உரிமைச் சட்டப்படி, பெயர்கள் நீக்கப்பட்ட மூலத் தரவுகளைக் கேட்டார். பேஸ் ஆய்வை முன்னின்று நடத்திய லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகம் மறுத்தது. தகவல் ஆணையர் தரச் சொன்னார். பல்கலைக்கழகம் மேல்முறையீடு செய்தது. வழக்குச் செலவு மட்டும் இரண்டு லட்சம் பவுண்டுக்கு மேல். நோயாளிகளில் சிலரால் ஆபத்து வரும் என்றெல்லாம் வாதிட்டார்கள். அந்த வாதம் மிகைப்படுத்தப்பட்டது என்று சொல்லி, 2016 ஆகஸ்டில் தீர்ப்பாயம் தரவுகளை வெளியிட உத்தரவிட்டது. இதற்கு முந்தைய ஆண்டில் அமெரிக்கப் பத்திரிகையாளர் டேவிட் டுல்லர் ஆய்வின் ஓட்டைகளை நீண்ட தொடராக எழுதியிருந்தார். பல விஞ்ஞானிகள் அதற்குப் பிறகுதான் வாய் திறந்தார்கள்.

தரவுகளை முதலில் எழுதிவைத்த அளவுகோல்படியே மறுபடி கணக்குப் போட்டபோது, முன்னேற்றம் 60 சதவீதத்திலிருந்து சுமார் 20 ஆக இறங்கியது. ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் அது 10. குணமடைந்தவர்கள் சிபிடியில் 7 சதவீதம், உடற்பயிற்சியில் 4, ஆலோசனையில் 3. புள்ளியியல் கணக்கில் இந்த வேறுபாட்டுக்கு அர்த்தமில்லை. இரண்டரை ஆண்டு கழித்துப் பார்த்தபோது நான்கு குழுக்களுக்கும் இடையே எந்த வித்தியாசமும் இல்லை என்பதை ஆய்வாளர்களே 2015-ல் வெளியிட்டிருந்தார்கள்.

அரசு வழிகாட்டுதல்கள் மாறினவா?

மாறின. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2017-ல் படிமுறை உடற்பயிற்சி, சிபிடி என்ற இரண்டு சிகிச்சைகளையும் தன் இணையதளத்திலிருந்து எடுத்தது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2007-ல் இவற்றைப் பரிந்துரைத்திருந்தது. அந்த வழிகாட்டுதலைத் திருத்த எடுத்துக்கொண்ட ஆண்டுகளில் எல்லா ஆய்வுகளையும் தரம் பார்த்தார்கள். சிபிடி, உடற்பயிற்சி ஆய்வுகளின் சான்றுகள் எல்லாமே ‘குறைந்த தரம்’ அல்லது ‘மிகக் குறைந்த தரம்’ என்று வந்தன. புதிய வழிகாட்டுதல் 2021 ஆகஸ்ட் 18-ல் வெளிவர இருந்தது. முந்தைய நாள் நிறுத்திவைத்தார்கள். ராயல் கல்லூரிகள் எனப்படும் மருத்துவர் அமைப்புகளில் சில எதிர்த்தன, வழிகாட்டுதலை எழுதிய குழுவிலிருந்து சிலர் விலகினார்கள். நோயாளிகளுக்கு அந்த இரண்டு மாதங்கள் எப்படிக் கழிந்திருக்கும்! கடைசியில் அக்டோபர் 29-ல் வந்தது: எம்.இ. உள்ளவர்களுக்கு, அட்டவணைப்படி கூட்டிக்கொண்டே போகும் உடற்பயிற்சித் திட்டம் எதையும் தரக்கூடாது.

அப்படியானால் விவாதம் முடிந்துவிட்டதா?

முடியவில்லை. பேஸ் ஆய்வை நடத்தியவர்கள் தங்கள் முடிவில் உறுதியாக இருக்கிறார்கள். நைஸ் தவறாகக் கணித்துவிட்டது என்று 2023-லும் கட்டுரை எழுதினார்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, தன் உடற்பயிற்சி மதிப்பாய்வு பழையதாகிவிட்டது என்று 2019-ல் ஒப்புக்கொண்டு புதிதாக எழுதத் தொடங்கியது. 2024 டிசம்பரில் அந்த வேலையைக் கைவிட்டது. ஆகவே உடற்பயிற்சிக்கு ஆதரவான பழைய மதிப்பாய்வு அங்கே இன்னமும் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு மருத்துவர் ஒருவர் உங்களை நடக்கச் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. கதையின் மறுபாதியை நீங்கள்தான் அவரிடம் சொல்ல வேண்டும்.

சிபிடியும் கெடுதலா?

எந்த நோக்கத்தோடு தருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. நீண்ட நோயோடு வாழும் மனவேதனைக்கு ஒரு துணையாகத் தந்தால் பலருக்கு உதவும்; புற்றுநோயாளிக்கும் அப்படித்தான் தருகிறார்கள். ‘உன் நம்பிக்கைதான் நோய், அதை மாற்றினால் குணம்’ என்று தந்தால் அது வேறு. நைஸும் இந்தக் கோட்டைத்தான் போட்டிருக்கிறது: துணையாக மட்டும், குணப்படுத்தும் சிகிச்சையாக அல்ல.

எனக்குத் தெரிந்த ஒருவர் உடற்பயிற்சி செய்து குணமானாரே?

இருக்கலாம், மகிழ்ச்சி. குறிப்பாகச் சிறுவர்களில் கணிசமானவர்கள் காலப்போக்கில் தேறுகிறார்கள்; தேறத் தொடங்கிய பிறகு நடக்க முடிகிறது, நடந்ததால் தேறியதாகத் தோன்றுகிறது. வைரஸ் காய்ச்சலுக்குப் பிந்தைய சாதாரணக் களைப்பு சில மாதங்களில் தானாகவே போகும். சிலருக்குத் தைராய்டு, ரத்தசோகை, உறக்கத்தில் மூச்சுத் தடை, மனச்சோர்வு என்று வேறு நோய் இருந்திருக்கும். மனச்சோர்வுக்கு உடற்பயிற்சி நல்லதும்கூட. ஒருவரின் நற்கதையை இன்னொருவரின் தலையில் கட்டளையாக ஏற்றுவதுதான் தப்பு.

லைட்னிங் பிராசஸ் என்று மூன்று நாள் பயிற்சி இருக்கிறதாமே?

பிரிட்டனில் ஃபில் பார்க்கர் என்பவர் உருவாக்கிய கட்டணப் பயிற்சி. மனதில் வரும் எண்ணங்களை நிறுத்தி, உடம்பை வேறுவிதமாகப் பழக்கிக் குணமடையலாம் என்று சொல்கிறார்கள். 2017-ல் பதின்பருவத்தினர் 100 பேரிடம் நடத்திய ஆய்வு, பலன் உண்டு என்றது. பிறகுதான் தெரிந்தது: பாதிக்கு மேற்பட்டவர்களை ஆய்வைப் பதிவு செய்யும் முன்பே சேர்த்திருந்தார்கள், பள்ளிக்குப் போன நாள்கள் என்று முதலில் வைத்திருந்த முக்கிய அளவைப் பின்னால் தள்ளி, சுயமாக நிரப்பும் படிவத்தை முன்னால் கொண்டுவந்திருந்தார்கள். 2019-ல் ஆய்வை வெளியிட்ட இதழ் நீண்ட திருத்தம் போட்டது. இந்தப் பயிற்சியைத் தரக்கூடாது என்று நைஸ் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. அறிகுறிகளை வெளியே சொல்லாதே என்று ஒரு குழந்தையைப் பழக்குவதை என்னால் சிகிச்சையாகப் பார்க்க முடியவில்லை.

வைரஸ் மருந்துகள்?

எக்ஸ்எம்ஆர்வி என்ற வைரஸின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். 2009 அக்டோபரில் சயன்ஸ் இதழில், 101 நோயாளிகளில் 68 பேரிடம் அந்த ரெட்ரோவைரஸ் இருந்ததாக ஒரு கட்டுரை வந்தது. உலகமெங்கும் நோயாளிகள் அழுதார்கள், சந்தோஷத்தில். பரிசோதனைக்குப் பணம் கட்டினார்கள், சிலர் எச்.ஐ.வி. மருந்துகளையே எடுத்துக்கொண்டார்கள். மற்ற ஆய்வகங்கள் தேடியபோது வைரஸைக் காணோம். அது ஆய்வகத்திலேயே மாதிரிகளில் கலந்துவிட்ட மாசு என்று தெரிந்து, 2011 டிசம்பரில் சயன்ஸ் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. சயன்ஸ் போன்ற பெரிய இதழில் வந்தது என்பது மட்டும் போதாது.

ஆம்ப்ளிஜென் என்ற மருந்தையும் சிலர் கேட்கிறார்கள். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2013-ல் அனுமதி மறுத்தது. அர்ஜென்டினா 2016-ல் அனுமதித்தது.

ரிடுக்ஸிமாப்?

இந்தக் கதையை நான் மரியாதையோடு சொல்ல விரும்புகிறேன். நார்வேயின் பெர்கன் நகரில் ஹாக்லாண்ட் மருத்துவமனையின் புற்றுநோய் மருத்துவர்கள் ஃப்ளூகே, மெல்லா இருவரும், புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெற்ற ஒருவருக்கு எம்.இ. குறைந்ததைக் கவனித்து, ரிடுக்ஸிமாப் என்ற புற்றுநோய் மருந்தை எம்.இ.க்குச் சோதித்துப் பார்த்தார்கள். 2011-ல் 30 பேரிடம் செய்த சிறிய ஆய்வில் மருந்து பெற்ற 15 பேரில் 10 பேர் முன்னேறினார்கள். உடனே கடை விரித்திருக்கலாம். அவர்கள் செய்தது வேறு. 151 பேரைச் சேர்த்து, யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் உப்புநீர் என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாதபடி பெரிய ஆய்வு நடத்தினார்கள். 2019-ல் வந்த முடிவு: மருந்தில் 26 சதவீதம், உப்புநீரில் 35 சதவீதம். வேலை செய்யவில்லை என்று அவர்களே எழுதினார்கள்.

உப்புநீர் பெற்றவர்களில் 35 சதவீதம் பேர் முன்னேறியதாகச் சொன்னதைக் கவனியுங்கள். யாருக்கு என்ன என்று தெரிந்தே நடத்தும் ஆய்வுகள் இந்த நோயில் ஏன் ஏமாற்றும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ரத்தத்தைக் கழுவும் சிகிச்சை, ஸ்டெம் செல், வைட்டமின் டிரிப்?

கோவிட்டுக்குப் பிறகு ஜெர்மனிக்கும் சைப்ரஸுக்கும் போய், ரத்தத்தை வெளியே எடுத்து வடிகட்டித் திரும்ப ஏற்றும் சிகிச்சைக்குச் சேமிப்பையெல்லாம் கொட்டியவர்களைப் பற்றி 2022 ஜூலையில் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழ் ஒரு புலனாய்வு வெளியிட்டது. பலன் தரும் என்பதற்குத் தக்க ஆய்வு இல்லாமலே அது விற்கப்பட்டது. ஸ்டெம் செல்லுக்கும் இதே பதில்தான். வைட்டமினைப் பொறுத்தவரை, பரிசோதனையில் பி12, டி, இரும்புச்சத்து குறைவு என்று தெரிந்தால் கட்டாயம் ஈடுசெய்யுங்கள்; எம்.இ.யைக் குணப்படுத்தும் என்று சொல்லி விற்கும் டிரிப்புக்குப் பணம் தராதீர்கள்.

யோகா செய்யலாமா?

நம் வீடுகளில் முதலில் வரும் யோசனை இதுதான். உட்கார்ந்தபடி செய்யும் மென்மையான யோகாவை ஜப்பானில் சிறிய அளவில் ஆராய்ந்திருக்கிறார்கள். பெரிய ஆய்வு இல்லை. படுத்தபடியே மெல்ல மூச்சு விடுவது ஒருவருக்கு அமைதி தந்து, அடுத்த இரண்டு நாள் சரிவும் வராவிட்டால் தாராளமாகச் செய்யட்டும். ஆனால் ‘தினம் ஒரு ஆசனம் கூடுதலாக’ என்று ஆசிரியர் சொன்னால், அது பெயர் மாறிய படிமுறை உடற்பயிற்சி. அலோபதியா, சித்தாவா, ஹோமியோபதியா என்பது எனக்குப் பிரச்சினை இல்லை. ஒப்பிடுவதற்கு ஒரு குழு இருந்ததா, எதை வைத்து அளந்தார்கள், எத்தனை நாள் கழித்துப் பார்த்தார்கள், மோசமானவர்களைக் கணக்கில் சேர்த்தார்களா என்று கேளுங்கள். பதிலுக்குப் பதிலாக ‘நம்பிக்கை வையுங்கள்’ என்று வந்தால் கிளம்பிவிடுங்கள்.

அப்படியானால் சும்மா படுத்திருப்பதுதான் வழியா?

சக்திக்குள் அடங்கி வாழ்வது என்பது சும்மா படுத்திருப்பது இல்லை. எவ்வளவு செய்தால் சரிவு வருகிறது என்று கவனித்து, அந்த எல்லைக்குச் சற்று முன்பே நிறுத்துவது. சமையலை இரண்டு வேளையாகப் பிரிப்பது, காய்கறியை உட்கார்ந்து நறுக்குவது, குளிக்க ஸ்டூல் போட்டுக்கொள்வது, நல்ல நாளில் ‘இன்று தெம்பாக இருக்கிறதே’ என்று எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொள்ளாமல் இருப்பது. சிலர் கைக்கடிகாரத்தில் இதயத்துடிப்பைப் பார்த்து நிறுத்துகிறார்கள். பேஸ் ஆய்வில் இந்த முறையும் ஆலோசனையைவிட மேலாக வரவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். இது நோயைக் குணப்படுத்தாது. இன்னும் கீழே விழாமல் காப்பாற்றும், அதற்குத்தான் இது.

மிகக் கடுமையான நிலையில் இருப்பவர்கள்?

வெளிச்சமும் சத்தமும் தாங்காமல் இருட்டறையில் படுத்திருப்பவர்கள் உண்டு. விழுங்கக்கூட முடியாதவர்கள் உண்டு. இங்கிலாந்தில் 2021-ல் ஓர் இளம்பெண் உடம்பில் ஊட்டம் இல்லாமல் இறந்தார். 2024 அக்டோபரில் மரண விசாரணை அதிகாரி, கடுமையான எம்.இ. நோயாளிகளுக்கென நாட்டில் எங்கும் சிறப்புப் படுக்கைகள் இல்லை என்று அரசுக்கு எழுதி எச்சரித்தார். சாப்பிட முடியவில்லை என்று நோயாளி சொன்னால் ‘அடம்’ என்று எடுத்துக்கொள்ளாமல் உடனே மருத்துவ உதவி தேடுங்கள்.

தமிழர்களான நமக்கு இதில் என்ன?

லண்டனில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு நைஸ் வழிகாட்டுதல் நேரடியாகப் பொருந்தும், உங்கள் குடும்ப மருத்துவர் (ஜி.பி.) பழைய முறையைச் சொன்னால் 2021-ன் திருத்தத்தைக் காட்டலாம். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் கோவிட் எத்தனை வீடுகளைத் தொட்டது என்று நமக்குத் தெரியும். ‘காய்ச்சல் போய் ஒரு வருஷமாச்சு, இன்னும் படுத்தே இருக்கா’ என்று யாரைப் பற்றியாவது பேச்சு வந்தால், இந்த நோயின் பெயரை அங்கே சொல்லுங்கள். வீட்டு வேலை முழுக்க ஒரு பெண்ணின் தலையில் இருக்கும் குடும்பத்தில், அவளுக்கு வரும் எம்.இ. ‘சோம்பல்’ என்ற பெயரில்தான் அழைக்கப்படும்.

விழிப்புணர்வுக்கு நான் என்ன செய்யலாம்?

மே 12 எம்.இ. விழிப்புணர்வு நாள். 2016 முதல் ‘மில்லியன்ஸ் மிஸ்ஸிங்’ என்ற பெயரில், வெளியே வர முடியாத நோயாளிகளின் காலணிகளைப் பொது இடங்களில் வரிசையாக வைத்துப் போராடுகிறார்கள். இந்த மாதிரி விடாமுயற்சிதான் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தை எட்டியது. 2019 ஜனவரியில் கரோல் மொனாகன் என்ற உறுப்பினர் கொண்டுவந்த தீர்மானம், படிமுறை உடற்பயிற்சி, சிபிடி இரண்டையும் சிகிச்சையாகத் தருவதை நிறுத்திவைப்பதை ஆதரித்து நிறைவேறியது. நீங்கள் எழுதும்போது ‘சோர்வு’ என்று மட்டும் எழுதாதீர்கள், உழைப்புக்குப் பின் வரும் சரிவை விளக்கி எழுதுங்கள். சோர்வு என்றால் எல்லோரும் ‘எனக்கும்தான்’ என்பார்கள். உறவினர் ஒருவர் அதிசய சிகிச்சை என்று வாட்ஸ்அப்பில் எதையாவது அனுப்பினால், சண்டை போடாமல் ரிடுக்ஸிமாப் கதையைப் பதிலாக அனுப்பலாம்.

புதிதாக நம்பிக்கை தரும் மருந்து ஏதாவது?

அதே பெர்கன் குழு, டாராடுமுமாப் என்ற இன்னொரு மருந்தை 10 பெண்களிடம் சோதித்து, ஆறு பேர் நன்றாக முன்னேறியதாக 2025-ல் எழுதியது. ஒப்பிடக் குழு இல்லாத சிறிய சோதனை அது என்று அவர்களே சொல்லி, போலி மருந்தோடு ஒப்பிடும் ஆய்வைத் தொடங்கியிருக்கிறார்கள். அது முடியும்வரை யாராவது அந்த ஊசியை விற்றால் வாங்காதீர்கள்.

நாளை மருத்துவரைப் பார்க்கப் போகிறோம். என்ன சொல்வது?

நோயாளியைப் பேசவைத்துக் களைப்பாக்காமல் ஒரே தாளில் எழுதி எடுத்துப் போங்கள்: நோய்க்கு முன் என்னென்ன செய்ய முடிந்தது, இப்போது எவ்வளவு, கடைசியாகச் சரிவு வந்தது எதைச் செய்த பிறகு, எத்தனை நாள் நீடித்தது. நின்றால் படபடப்பு வருமானால், படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, உறக்கக் கோளாறு எல்லாம் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். எடுத்துக்கொண்டிருக்கும் மருந்து எதையும் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள். உடற்பயிற்சி பரிந்துரைத்தால், ‘மறுநாள் மோசமானால் நிறுத்தலாமா, டாக்டர்?’ என்று கேளுங்கள். நிறுத்தக்கூடாது என்று பதில் வந்தால் வேறு மருத்துவரைப் பாருங்கள். அப்புறம், மருத்துவமனையில் காத்திருக்கும் நேரத்தில் அவர்கள் படுத்துக்கொள்ள ஒரு பெஞ்சாவது கிடைக்குமா என்று முன்கூட்டியே போன் செய்து கேட்டுவிடுங்கள்.